தண்ணித் தொட்டி மேல் நுரைக்கூடு: மரத்தவளையைக் கவனிக்கவும் காப்பாற்றவும்

ஆவணியில் நல்ல மழை ஒன்று பெய்து ஓய்ந்த மறுநாள் காலை, மாட்டுத் தண்ணித் தொட்டியின் உள்சுவரில், தண்ணீருக்கு ஒரு சாண் மேலே, வெள்ளையாக ஒரு நுரைக்கட்டி ஒட்டிக்கொண்டிருக்கும். சோப்பு நுரை என்று நினைத்து ஒரு சொம்புத் தண்ணீரை வீசிக் கழுவிவிடுவார்கள். பாம்பு கக்கியது என்று விளக்குமாற்றால் தள்ளுகிறவர்களும் உண்டு. அது மரத்தவளையின் கூடு. உள்ளே சில நூறு முட்டைகள் இருக்கும். சும்மா விட்டால் நான்கைந்து நாளில் தானே கரைந்துவிடும். அந்த நான்கைந்து நாளும் அதற்குப் பின்னால் ஏறத்தாழ இரண்டு மாதமும் என்ன செய்யலாம், எதில் கை வைக்கக் கூடாது என்பதைத்தான் இங்கே சொல்கிறோம்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாதிரி வறண்ட சீமையில் இந்தத் தவளைக்கு மரத்துக்குப் பஞ்சம் இல்லை. புளி, மா, தென்னை, வாழை எதுவானாலும் போதும்; மரமே இல்லாவிட்டால் குளியலறையில் குடியிருந்துகொள்ளும். பஞ்சம் தண்ணீருக்குத்தான். இரண்டு மாதம் வற்றாமல், மீன் இல்லாமல், பூச்சிமருந்து கலக்காமல் நிற்கிற தண்ணீர் வேண்டும். கீழே சொல்வதெல்லாம் சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கும்.

ஆளை அடையாளம் பிடிக்க

தென்னிந்தியச் சமவெளியில் வீட்டுச் சுவரில் ஏறுகிற தவளை என்றால் பெரும்பாலும் ஒரே இனம்தான்: பாலிபெடேட்ஸ் மாக்குலேட்டஸ். ஜான் எட்வர்ட் கிரே 1830-இல் பெயர் வைத்தார். மாக்குலேட்டஸ் என்றால் புள்ளியுடையது. ஆங்கிலத்தில் இதற்குச் சுனாம் தவளை என்றும் ஒரு பேர் உண்டு; சுனாம் வேறொன்றும் இல்லை, நம்முடைய சுண்ணாம்புதான். ஊரில் பலர் இதைத் தேரை என்பார்கள். தரையில் தத்துகிற சொரசொரப்பான தேரை வேறு, இது வேறு.

ஆண் நான்கு ஐந்து சென்டிமீட்டர் இருக்கும். பெண் ஏழு எட்டு வரை வளரும், நன்றாகப் பெருத்தும் இருக்கும். முதுகு பால் கலந்த காப்பி நிறம். மஞ்சளாகவோ சாம்பலாகவோ செம்பழுப்பாகவோ மாறும். ஆகவே நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். காலையில் கறுத்துக் கிடந்தது மத்தியானம் சுவர் நிறத்துக்கு வெளுத்துவிடும். பார்க்க வேண்டியவை மூன்று. விரல் நுனிகளில் வட்டமான தட்டுகள். கண்ணுக்குப் பின்னால் செவிப்பறைக்கு மேலாகத் தோள் வரை போகிற கருங்கீற்று. மூன்றாவதுதான் முத்திரை: பின்தொடையின் உட்புறத்தில், கருப்பு வலைக்குள் மஞ்சள் பொட்டுகள். உட்கார்ந்திருக்கும்போது தொடை மடிந்து பொட்டுகள் மறைந்துவிடும். அதற்காகக் காலைப் பிடித்து இழுக்க வேண்டாம். ஜன்னல் கண்ணாடியில் ஏறும்போது மறுபுறம் நின்று பார்த்தால் எல்லாம் தெரியும். குருணை குருணையான வயிற்றுத் தோலும் அப்போது தெரியும். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறோம்.

குழப்புகிற ஆள் ஒருவர் உண்டு. பந்து மாதிரி ஊதின உடம்பு, குட்டைக் கால், தோளோரம் செங்கல் நிறத் திட்டு உள்ள தவளையும் மரப்பொந்தில் ஏறும். அதன் விரல் நுனி வட்டத் தட்டாக இராது, வெட்டிவிட்டதுபோல் இருக்கும். அது வேறு குடும்பம், நுரைக்கூடு கட்டாது.

பகலில் எங்கே இருக்கும்

தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. அந்தக் குருணை வயிற்றுத் தோலை ஈரத்தில் ஒட்டவைத்து உறிஞ்சிக்கொள்ளும். குளியலறை மூலை, தண்ணீர்ப் பானையின் அடி, கைகழுவும் தொட்டிக்குக் கீழே இருக்கிற குழாய் என்று அது இடம் பிடிப்பது அதனால்தான். ஃபினாயில், பிளீச்சிங் பவுடர், உப்பு எல்லாம் அதற்கு எமனாவதும் அதே காரணத்தால்தான். நாம் தரையில் ஊற்றுவது அதன் வயிற்றுக்குள் போகிறது.

வெயில் காலத்தில் காலையெல்லாம் அசையாமல் சுவரில் ஒட்டியிருக்கும். கை கால்களை உடம்புக்கு அடியில் மடித்து, தாடையைச் சுவரோடு அழுத்தி, கண்ணை உள்ளிழுத்துக்கொண்டு கிடக்கும். செத்துவிட்டது என்று தோன்றும். சாகவில்லை, தண்ணீரைச் சேமிக்கிறது. அப்படி அடங்கி உட்காருவதற்கு முன் தோலில் ஊறும் சுரப்பைக் கால்களால் உடம்பு முழுக்கத் தடவிக்கொள்ளும். அதில் எண்ணெய்ப்பசை உண்டு. ஈரம் ஆவியாகிப் போவதை அது குறைக்கிறது. பாவம் காய்கிறதே என்று நீங்கள் தண்ணீர் தெளித்தாலோ குச்சியால் தட்டினாலோ அந்தப் பூச்சு கலைந்துபோகும். மத்தியான வெயிலில் அது வேறு இடம் தேடி ஓட வேண்டியிருக்கும். விட்டுவிடுங்கள்.

விட்டுவைக்கக் கூடாத இடம் ஒன்றுதான்: மோட்டார் ரூமில் உள்ள ஸ்டார்ட்டர் பெட்டி. உள்ளே புகுந்தால் தவளையும் கருகும், பியூசும் போகும். மெயினை அணைத்துவிட்டு, கேபிள் நுழைகிற ஓட்டையைப் பழைய சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றி அடையுங்கள். அதேபோல மேல்நிலைத் தொட்டியின் வழிநீர்க் குழாய்க்குக் கொசுவலைத் துணி கட்டுங்கள். இல்லாவிட்டால் மூடியின் அடியிலேயே கூடு கட்டிக் குடிநீரில் தலைப்பிரட்டையை விட்டுவிடும்.

வீட்டைவிட்டு வெளியேற்றித்தான் ஆக வேண்டும் என்றால் ஈரமான பிளாஸ்டிக் குவளையைக் கவிழ்த்து, அட்டையை அடியில் நுழைத்து, சாயங்காலம் வாழையடியிலோ செடி மறைவிலோ கொண்டுபோய் விடுங்கள். கையால் தொட வேண்டியிருந்தால் கையைத் தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள். சானிடைசர், கொசு விரட்டிக் களிம்பு பூசிய கையால் தொடவே கூடாது. தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கழுவும்வரை கண்ணைக் கசக்காதீர்கள். சுரப்பு எரியும், அவ்வளவுதான். விஷம் இல்லை. அது மேலே பாய்ந்தால் குழந்தை மெலியும் என்பதும், தேரை மோந்த தேங்காய் வெறுங்காயாகும் என்பதும் பழைய பேச்சு. தேங்காய் ஒல்லிக்காய் ஆவதற்குப் போரான் சத்துக் குறைவும், மகரந்தம் சரியாகச் சேராததும்தான் பெரும்பாலும் காரணம். தென்னைக்கு மண் பரிசோதனை செய்யுங்கள், தவளையை விரட்டாதீர்கள்.

சத்தத்தை வைத்துத் தேட

நுணலும் தன் வாயால் கெடும் என்பது இந்த வேலைக்கென்றே சொன்னதுபோல இருக்கிறது. ஆண்கள் மட்டும்தான் கத்தும். மரக்கதவை விரல் முட்டியால் தட்டுகிற மாதிரி 'டக்... டக்... டக்டக்டக்' என்று கேட்கும். இழுவை இல்லாத சத்தம். 'கொரக் கொரக்' என்று நீளமாக இழுத்துக் கத்துவது வேறு தவளைகள்.

சித்திரை, வைகாசியின் கோடை மழையிலேயே சில குரல்கள் எழும்பும். ஆனால் இந்தப் பக்கம் மழை கனப்பது ஆவணியிலிருந்து ஐப்பசி வரை; கூடு தேட அதுதான் காலம். மழை விட்ட இரவு, இருட்டிய பிறகு ஏழரை மணிக்குமேல் போங்கள். டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினால் தவளை அவ்வளவாக மிரளாது. தண்ணீரை நெருங்கியதும் சத்தம் சட்டென்று நின்றுவிடும். விளக்கை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் அசையாமல் நில்லுங்கள். ஒன்று ஆரம்பித்தால் மற்றவை சேர்ந்துகொள்ளும். இரண்டு பேர் பத்தடி இடைவெளியில் நின்று, சத்தம் வரும் திசைக்குக் கையை நீட்டுங்கள். இரண்டு கையும் சந்திக்கிற இடத்தில் தேடினால் போதும். ஒரே ஆள் தேடினால் சுவரில் எதிரொலித்து ஏமாற்றும், குறிப்பாகக் கிணற்றுக்குள்.

காலில் ஷூ இல்லாமல் போகவே கூடாது. தவளை இருக்கிற இடத்துக்குப் பாம்பும் வரும். மழை இரவில் கட்டுவிரியன் நடமாடும். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, ஜவளகிரிப் பக்கம் கேழ்வரகு கதிர் பிடிக்கிற சமயத்தில் யானையும் கொல்லையில் இறங்கும். அங்கே இரவுத் தேடல் வேண்டாம், விடிந்த பிறகு கூட்டை மட்டும் தேடினால் போதும். காவிரி வடக்கு, காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலய எல்லைக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது. அதற்கு அவசியமும் இல்லை. இந்தத் தவளை காட்டைவிட ஊருக்குள்தான் சுலபமாகக் கிடைக்கும்.

கூட்டின் நாள் கணக்கு

பெண் தண்ணீருக்கு மேலே இலையிலோ சுவரிலோ இடம் பார்க்கும். ஆண் அதன் முதுகில் தொற்றிக்கொண்டிருக்கும். பெண் ஒரு திரவத்தைச் சுரக்கும். அதைப் பின்னங்கால்களால் தயிர் கடைகிற மாதிரி அடித்து அடித்து நுரையாக்கி, முட்டைகளை அதற்குள் இடும். முழு வேலையும் இரவோடு இரவாக நடக்கும். விளக்கடித்தால் பாதியில் இறங்கிப் போய்விடும். பார்த்தே ஆக வேண்டுமென்றால் ஐந்தாறடி தள்ளி நின்று மங்கலான சிவப்பு வெளிச்சத்தில் பாருங்கள். கேமரா ஃபிளாஷ் வேண்டாம்.

முதல் நாள் காலை கூடு முட்டையின் வெள்ளைக்கருவை அடித்துவைத்தது போல ஈரமாகப் பளபளக்கும். கைமுட்டி அளவு இருக்கும். அன்றைக்குத் தொடவே கூடாது. விரல் பட்டால் குமிழ் உடைந்து ஒரு பக்கமாக வழியும். இரண்டாம் நாள் மேல்புறம் காய்ந்து அப்பளம் போல ஒரு ஓடு கட்டும். நிறம் பழுப்பு மஞ்சளுக்கு வரும். கெட்டுப்போய்விட்டது என்று பலர் அன்றைக்குத்தான் பிய்த்துப்போடுகிறார்கள். அந்த ஓடுதான் உள்ளே இருக்கும் ஈரத்தைக் காக்கிறது. குளத்துத் தவளை முட்டைகளில் கருமை இருக்கும், வெயிலுக்குக் குடை மாதிரி. நுரைக்குள் வெயில் படாது என்பதால் இதன் முட்டைகள் வெளிறி, கடுகு அளவில் இருக்கும்.

மூன்றாம் நாளிலிருந்து கூட்டின் அடிப்புறத்தைக் கவனியுங்கள். நுரை இளகிச் சொட்டுகிற மாதிரி தொங்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் உள்ளே வால் துடிப்பது தெரியும். நான்காவது ஐந்தாவது நாள், பெரும்பாலும் ஒரு மழையோடு, அடிப்பக்கம் உடைந்து தலைப்பிரட்டைகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விழும். ஓசூர் மேட்டிலும் வத்தல்மலையிலும் குளிர் அதிகம், ஒன்றிரண்டு நாள் கூடவே பிடிக்கும்.

கெட்டுப்போகிற வழிகள் நான்குதான். முதலாவது, கூடு இருக்கும்போதே கீழே தண்ணீர் வற்றுவது. அப்போது கூட்டைத் தொடாமல் தண்ணீரை ஊற்றி மட்டத்தை ஏற்றினால் தீர்ந்தது. இரண்டாவது எறும்பு. கூடு இலையில் இருந்தால் காம்புப் பக்கம் விளக்கெண்ணெய் தோய்த்த துணியைச் சுற்றுங்கள். எறும்புப் பொடி தூவாதீர்கள். மூன்றாவது, நேரடி மத்தியான வெயில். அட்டை ஒன்றை ஓரடி தள்ளிச் சாய்த்து நிழல் கொடுங்கள். நான்காவது ஈப்புழு. கூடு நாற்றமடித்து, உள்ளே வெள்ளைப் புழு நெளிந்தால் பெரும்பாலான முட்டைகள் போய்விட்டன என்று அர்த்தம். அதில் நாம் செய்ய ஒன்றும் இல்லை.

கூட்டை இடம் மாற்றுவது

தொட்டியை நாளைக்கே கழுவ வேண்டும், குடிநீர் மேல் கட்டிவிட்டது, கீழே வெறும் சிமென்ட் தரை என்ற மூன்று நிலைமையில்தான் மாற்ற வேண்டும். பயிற்சிக்காக மாற்றாதீர்கள்.

1. இரண்டாம் நாள் சாயங்காலம் வரை பொறுங்கள். ஓடு கட்டியிருக்கும், உருக்குலையாது.
2. இலையில் இருந்தால் காம்போடு வெட்டுங்கள். சுவரில் இருந்தால் எக்ஸ்ரே ஃபிலிம் மாதிரி வளையும் பிளாஸ்டிக் தாளை நனைத்து, மேலிருந்து கீழாகச் சுவரை ஒட்டி மெல்ல இறக்குங்கள். கரண்டி, கத்தி வேண்டாம். கூட்டை இரண்டாகப் பிளந்துவிடும்.
3. பெரிய கண் உள்ள பிளாஸ்டிக் காய்கறிக் கூடையில், காய்ந்த பக்கம் மேலாக வையுங்கள். கண் விரற்கடை அகலமாவது இருக்கட்டும், இல்லாவிட்டால் குஞ்சுகள் கீழே விழாமல் சிக்கும்.
4. புதுத் தண்ணீருக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் கூடையைத் தொங்கவிடுங்கள். நிழல் வேண்டும்.
5. மழை இல்லாவிட்டால் நான்காம் நாளிலிருந்து காலை, மாலை கொஞ்சம் தண்ணீரைக் கையால் தெளியுங்கள்.

எல்லாரும் செய்கிற தப்பு, கூட்டை அப்படியே தண்ணீரில் போட்டுவிடுவது. காற்று படாமல் முட்டைகள் மூச்சடைத்து அழுகும், தண்ணீரும் கெடும்.

தலைப்பிரட்டைத் தொட்டி

மூன்றடி விட்டமுள்ள கிணற்று உறை ஒன்றை அடி பூசி வைத்தால் அதைவிட நல்ல தொட்டி இல்லை. ஓரடி தண்ணீர் நிறுத்தினால் ஏறத்தாழ 200 லிட்டர். லிட்டருக்கு ஒன்று என்று கணக்கு வையுங்கள்; அதற்குமேல் நெருக்கினால் வளர்ச்சி குன்றும், கால் முளைக்க நாளாகும், சின்னதாகவே வெளியேறும். புது உறையில் உடனே விடாதீர்கள். சிமென்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து தலைப்பிரட்டைகளைக் கொன்றுவிடும். இரண்டு மூன்று வாரம் தண்ணீர் நிரப்பி, மூன்று முறையாவது மாற்றிக் கொட்டிய பிறகே பயன்படுத்துங்கள். கருப்பு பிளாஸ்டிக் தொட்டி வேண்டாம். தர்மபுரி வெயிலில் மத்தியானம் தண்ணீர் கொதித்துவிடும்.

மழைத் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் உத்தமம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்க் குழாயில் வருவதில் குளோரின் இருக்கும். அகலமான பாத்திரத்தில் திறந்தபடி இரண்டு நாள் வைத்து, பிறகு ஊற்றுங்கள். அடியில் மருந்து படாத கொல்லை மண் இரண்டு கைப்பிடி, காய்ந்த மாவிலை ஒரு கைப்பிடி. பாசி பிடிக்க ஒரு வாரம் முன்பே நிரப்பி வைத்தால் பாதித் தீனி அதிலேயே கிடைக்கும். மீதிக்கு அரைக்கீரையோ பாலக்கோ ஐந்து நிமிடம் வேகவைத்துப் போடுங்கள். ஐம்பது தலைப்பிரட்டைக்கு இரண்டு மூன்று இலை போதும். மறுநாள் மிச்சமிருப்பதை எடுத்துவிட வேண்டும். சோறு, இட்லி, பிஸ்கட் போட்டால் இரண்டே நாளில் தண்ணீர் பால் மாதிரி கலங்கும். தலைப்பிரட்டைகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது தண்ணீரில் காற்றுப் போதவில்லை என்பதற்கு அடையாளம். மூன்றில் ஒரு பங்கை மாற்றுங்கள், முழுவதையும் ஒரேயடியாக மாற்றாதீர்கள்.

கறுகறுவென்று கூட்டமாகச் சேர்ந்து திரிந்தால் அது தரைத்தேரையின் குஞ்சு. மரத்தவளைத் தலைப்பிரட்டை பழுப்பு நிறம், வால்மீன் மாதிரி நீண்ட வால், கண்கள் தலையின் இரு ஓரத்திலும் இருக்கும். வயிற்றுப் பக்கமிருந்து பார்த்தாலும் கண் தெரியும்.

கொசு விஷயத்தில் அசட்டை கூடாது. திறந்த தொட்டியில் டெங்குக் கொசு முட்டையிடும். தலைப்பிரட்டை தின்றுவிடும் என்று நம்பியிருக்காதீர்கள். குஞ்சுகள் தண்ணீரில் விழுந்த மறுநாளே தொட்டி வாயைக் கொசுவலையால் மூடி ரப்பர் டியூபால் இறுக்குங்கள். ஏற்கெனவே புழு இருந்தால் டீ வடிகட்டியால் தினமும் அள்ளுங்கள். கப்பி மீனோ கம்பூசியாவோ விட்டால் கொசுப்புழுவோடு தலைப்பிரட்டையும் தீர்ந்தது. நீர்நிலைகளில் மருந்து ஊற்ற வருகிற ஊழியர்களிடம் வலை மூடியிருப்பதையும் புழு இல்லாததையும் காட்டுங்கள். காட்டினால் போதும், சண்டைக்கு அவசியம் வராது. தினம் ஒருமுறை எட்டிப் பார்க்க முடியாதவர்கள் வீட்டருகே தொட்டி வைக்காமல் இருப்பதே நல்லது. இது அழிந்துகொண்டிருக்கிற இனம் இல்லை. நீங்கள் வளர்க்காவிட்டால் ஒழிந்துபோகாது.

மடித்துவைத்த கீழுதட்டைச் சட்டென்று நீட்டி இரையைப் பிடிக்கிற தும்பியின் இளம்புழு ஒன்று உள்ளே இருந்தால், ஒரே வாரத்தில் தொட்டியைக் காலி செய்துவிடும். எண்ணிக்கை காரணமில்லாமல் குறைகிறதா, சாயங்காலம் அடிமண்ணை வடிகட்டியால் துழாவிப் பாருங்கள்.

கால் முளைத்தபின்

ஒரு மாதம் தாண்டியதும் பின்னங்கால் மொட்டு விடும். முன்னங்கால் வெளியே வந்த அன்றைக்கு இரண்டு காரியம் செய்யுங்கள்: வலையை எடுங்கள், ஏறி வெளியேற வழி வையுங்கள். தண்ணீரிலிருந்து விளிம்பு வரை சாய்த்த சொரசொரப்பான குச்சிகள், கயிறு, கோணிச்சாக்குத் துண்டு எதுவானாலும் சரி. இந்த நாட்களில் வாய் மாறிக்கொண்டிருப்பதால் அது தின்னாது. வாலைக் கரைத்துத்தான் பிழைக்கும். கீரை போடுவதை நிறுத்த வேண்டாம், பின்தங்கியவை இன்னும் தின்றுகொண்டிருக்கும். செவுள் சுருங்கி மூச்சு காற்றுக்கு மாறும் நேரம் இது. ஏற வழியில்லாத தொட்டியில் இரண்டு மாதம் வளர்ந்ததெல்லாம் ஒரே இரவில் மூழ்கிச் சாவது இப்போதுதான்.

கட்டைவிரல் நகத்தளவுக் குஞ்சுகள் வாலின் மிச்சத்தோடு தொட்டியைச் சுற்றி இலைகளில் உட்கார்ந்திருக்கும். அங்கேயே விடுங்கள். பிடித்து வேறு ஊருக்கு, வேறு ஏரிக்குக் கொண்டுபோகாதீர்கள். தவளைகளைக் கொல்லும் சைட்ரிட் பூஞ்சை மாதிரியான நோய்கள் ஈரத்தோடும் சேற்றோடும் பயணம் செய்யும். வேறு குட்டைக்குப் போகிறவர்கள் செருப்பையும் வலையையும் கழுவி, நன்றாக வெயிலில் காயவைத்த பிறகே போக வேண்டும்.

கொல்லையில்

பாலக்கோடு, ராயக்கோட்டைத் தக்காளியும், கிருஷ்ணகிரி மாவும், ஓசூர் ரோஜாவும் மருந்தில்லாமல் நடப்பதில்லை. மருந்தே அடிக்காதே என்று சொல்வது எழுதத்தான் சுலபம். ஆனால் தெளிப்பானைத் தொட்டியில் முக்கிக் கழுவுகிற பழக்கத்தை விடலாம். நூறு செடிக்கு அடிக்கிற மருந்தைவிட அந்த ஒரு கழுவல்தான் தொட்டியில் இருக்கும் அத்தனையையும் கொல்கிறது. ஒரு வாளியில் கழுவி, பயிர் வரிசையிலேயே ஊற்றிவிடுங்கள். தொட்டியோரச் செடிகளுக்குக் கைத்தெளிப்பான் போதும், காற்று அந்தப் பக்கம் வீசாத நேரத்தில்.

பிளாஸ்டிக் விரித்த பண்ணைக்குட்டையில் மரத்தவளை விரல் தட்டால் ஏறிவிடும். தேரையும் மற்ற தவளைகளும் வழுக்கி வழுக்கிச் சாகும். நான்கு மூலையிலும் கல் கட்டிய கயிற்றுப் பாயோ பழைய கோணிச்சாக்கோ தொங்கவிடுங்கள். தவறி விழுந்த ஆட்டுக்குட்டிக்கும் அது உதவும். குட்டையில் ஜிலேபி மீன் விட்டிருந்தால் அங்கே தவளைக்குஞ்சை எதிர்பார்க்க வேண்டாம், தனியாக உறைத் தொட்டி வையுங்கள்.

மாட்டுத் தொட்டியை வாரம் ஒருமுறை கழுவுகிற வீடுகளில் அடைப்பை எடுப்பதற்கு முன் ஓட்டைக்கு வெளியே ஒரு துணிப்பையைக் கட்டுங்கள். தண்ணீர் போகும், தலைப்பிரட்டை தங்கும்.

கோடைக்கு ஒரு குழாய்

மாசி முதல் வைகாசி வரை இவை பொந்து, வாழைமட்டை, பனைமட்டை இடுக்குகளில் ஒடுங்கிக் கிடக்கும். கல்லுக்குள் தேரை என்று சொன்னவர்கள் இப்படி ஒன்றைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார்கள். வாழை, பனை இல்லாத வீட்டில் ஒன்றரை அங்குல பிவிசி குழாயை இரண்டடி நீளத்துக்கு வெட்டி, அடியில் மூடி போட்டு, அடியிலிருந்து இரண்டங்குல உயரத்தில் ஒரு சின்ன ஓட்டை போடுங்கள். அந்த ஓட்டை மட்டம் வரை ஆற்று மணலை நிரப்பினால் ஈரம் நிற்கும், கொசு வளரத் தண்ணீர் நிற்காது. பசை ஒட்டியிருந்தால் ஒரு வாரம் வெயிலில் காயட்டும். மரத்தின் வடக்குப் பக்கம், ஆள் நெஞ்சு உயரத்தில், செங்குத்தாகக் கட்டுங்கள். வாரம் ஒருமுறை அரைக் குவளைத் தண்ணீர் ஊற்றினால் போதும். மேலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள், கையை விடாதீர்கள். குழாய் பல்லிக்கும் பூரானுக்கும்கூடப் பிடிக்கும்.

குறிப்பேடு

நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, முந்தின இரவின் மழை, கூடு எதில் ஒட்டியிருக்கிறது, தண்ணீரிலிருந்து எத்தனை அங்குலம், குஞ்சு விழுந்த நாள், முதல் முன்னங்கால் தெரிந்த நாள். மழை அளக்க, நேர் சுவருள்ள ஒரு டப்பாவும் ஸ்கேலும் போதும். காலை எட்டரை மணிக்கு ஒரே நேரமாகப் பாருங்கள். படம் எடுத்தால் முதுகு, செவிப்பறை தெரிகிற பக்கவாட்டு, தொடையின் உட்புறம் என்று மூன்று எடுங்கள். உயிரினப் படங்களைப் பதிவுசெய்கிற இணையதளங்களான ஐநேச்சுரலிஸ்ட்டிலோ இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டலிலோ ஏற்றலாம். சொந்த வீடு என்றால் இருப்பிடத்தை மங்கலாக்கும் அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் குளியலறையின் இடம் ஊருக்கே தெரிந்துவிடும். கூடு கெட்டுப்போன தேதியையும் விடாமல் எழுதுங்கள், பக்கத்தில் காரணத்தையும்: வற்றியது, எறும்பு, கழுவியது, மருந்து. அடுத்த ஆவணிக்குத் தொட்டியை எங்கே நகர்த்துவது என்பதை அந்தப் பக்கம்தான் சொல்லும்.